ஐம்பதின் தோளும் அரிசிப் பையும்: சீனத்தில் ஆறு நாள்

முதல் நாள் – ஷாங்காய்

என் வலது தோள் என் பேச்சைக் கேட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. சட்டைக் கையை மாட்டுவதற்கும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பதற்கும், முதுகுக்குச் சோப்பு போடுவதற்கும் இடது கையைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகியிருக்கிறது என்றும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்றும், ஓராண்டிலிருந்து மூன்றாண்டுக்குள் பெரும்பாலும் தானாகவே இளகிவிடும் என்றும் சொன்னார். சீனர்கள் இந்த நோவுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஐம்பதின் தோள்'. எனக்கு வயது ஐம்பத்தொன்று. பெயரில் குறை சொல்ல இடமில்லை.

அலுவலக வேலையாக ஷாங்காய்க்கு வர நேர்ந்தபோது, வேலை முடிந்தபின் ஆறு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டேன். துய்னா என்று சீனர்கள் அழைக்கும் மருத்துவப் பிடித்துவிடலை, அதற்கென்று தனிப் பிரிவே வைத்து நடத்தும் மருத்துவமனைகளில் நேரில் பார்த்து, என் தோளையும் கொடுத்துப் பார்ப்பது என்பது திட்டம். 'துய்' என்றால் தள்ளுதல் அல்லது நீவுதல். 'நா' என்றால் பற்றிப் பிடித்தல். நம் சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகையாகச் சொல்லப்படும் தொக்கணத்துக்கு உறவு போலத் தோன்றினாலும், அந்த எண்ணத்தோடு உள்ளே போனவனுக்கு முதல் அரைமணி நேரத்திலேயே பல வேறுபாடுகள் தெரிந்துவிட்டன.

பதினொரு ஆண்டுகளாக இந்நகரில் வேலை பார்க்கும் காரைக்குடி நண்பர் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார். மருத்துவமனையின் முன்கூடத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து, எண் வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாடியில் இருந்த துய்னாப் பிரிவின் முன் காத்திருந்தோம். உள்ளே மெல்லிய இசையோ ஊதுபத்தியோ மங்கலான விளக்கோ எதுவும் இல்லை. வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் வரிசையாக ஆறு கட்டில்களும், வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர்களும், சுவரில் ஒரு முதுகெலும்புப் படமுமாக, நம் ஊர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையை நினைவூட்டிய இடம் அது.

எனக்கு வாய்த்த மருத்துவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கட்டிலில் படுக்கச் சொல்வதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளே ஒரு பக்கத்துக்கு வரும். சர்க்கரை அளவு என்ன, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, எலும்புத் தேய்மானம் உண்டா, அண்மையில் விழுந்தேனா, கை மரத்துப் போகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்று கேட்டு, நான் கொண்டுபோயிருந்த படங்களை விளக்குப் பலகையில் பொருத்திப் பார்த்தார். எலும்பு முறிவு, புற்றுநோய், தோல் தொற்று, காலில் இரத்தக்கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அவர் கையே வைப்பதில்லையாம். கருவுற்ற பெண்களின் வயிற்றையும் இடுப்பையும் தொடுவதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹகூ என்ற புள்ளியையும் அவர்களுக்கு அழுத்துவதில்லை.

எண்ணெய் வரும் என்று சட்டையைக் கழற்றப் போனவனைத் தடுத்து, உடையோடு உட்காரவைத்து, தோளின்மேல் ஒரு பருத்தித் துணியை விரித்தார். துய்னாவில் பெரும்பகுதி துணிக்கு மேலேதான் நடக்கிறது. தோலோடு தோல் உரசித் தேய்க்கும் ஒரு சில முறைகளுக்கு மட்டுமே களிம்போ பொடியோ பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் பாதி வேலையை எண்ணெய் செய்கிறது என்றால், இங்கே முழு வேலையையும் கையே செய்ய வேண்டியிருக்கிறது.

அழுத்தும் ஒவ்வோர் இடத்திலும் அவர் 'ஸ்வானா?' என்று கேட்டார். நண்பர் அதைப் 'புளிக்கிறதா?' என்று மொழிபெயர்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்வான் என்றால் சீன மொழியில் புளிப்பு; தசைக்குள் ஊறிக்கொண்டிருக்கும் ஒருவகை நோவுக்கும் அதே சொல்தான். ஜாங் என்றால் உள்ளிருந்து உப்பிப் புடைப்பது, மா என்றால் மரத்துப்போவது, தோங் என்றால் வெறும் வலி. மருத்துவரின் விரல் தேடிக்கொண்டிருந்தது முதல் இரண்டையும்தான். தோங் மட்டும் வந்தால், இடம் தவறியிருக்கலாம் அல்லது அழுத்தம் மிகுந்திருக்கலாம் என்று கையை மாற்றிக்கொள்வார். எங்களுக்கும் புளி உண்டு, ஆனால் அது பல்லுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, நானும் நண்பரும் தமிழில் சரியான சொல்லைத் தேடினோம். கடுப்பு, குடைச்சல், குத்தல், பிடிப்பு, இழுப்பு, தெறிப்பு என்று ஒவ்வொன்றாக அவர் விரலின்கீழ் பொருத்திப் பார்த்ததில், ஸ்வானுக்கு உளைச்சல் என்பதே நெருங்கி வந்தது. இத்தனை சொற்கள் கையில் இருந்தும் கோயம்புத்தூரில் நான் 'வலிக்குது டாக்டர்' என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

தோள்பட்டை எலும்பின் நடுவே தியன்த்சோங் என்ற புள்ளியில் அவருடைய கட்டைவிரல் இறங்கியபோது, உளைச்சல் தோளைத் தாண்டி முழங்கை வரை ஓடியது. பிறகு புறங்கையால் உருட்டியும், தசையைப் பற்றித் தூக்கியும், முழங்கையைத் தாங்கிப் பிடித்துத் தோளை மெல்லச் சுழற்றியும், கடைசியில் கையை நீட்டிப் பிடித்து அலைபோல் சிறு சிறு உதறல்களாக உதறியும் இருபது நிமிடத்தில் முடித்தார். சுவரோரம் நிற்கவைத்து அளந்தபோது, முன்பு எட்டியதைவிட நான்கு விரற்கடை உயரத்தில் கை நின்றது. நான் மகிழ்ந்த அளவுக்கு அவர் மகிழவில்லை. தசை பயந்துபோய் இறுகியிருந்தது, அந்தப் பயம் இளகியிருக்கிறது, உறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இரவுக்குள் இரண்டு விரற்கடை திரும்பிப் போய்விடும் என்றார். தினமும் சுவரில் விரல்களைப் பல்லி போல் ஏறவிட்டுப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் அவர் தந்த மருந்துச்சீட்டு.

இரவில் அளந்தேன். இரண்டல்ல, மூன்று விரற்கடை திரும்பிப் போயிருந்தது.

இரண்டாம் நாள் – ஷாங்காய், பூதோங்

அடுத்த சிகிச்சை ஒருநாள் விட்டு என்பதால், இன்று சீன மருத்துவப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே நான் நெடுநேரம் நின்றது சியன்லோங் பேரரசர் 1744இல் வார்க்கச் செய்த ஒரு சிறிய வெண்கலப் பாவையின் முன்னால். உடல் முழுதும் நாடித்தடங்களும் புள்ளிகளும் பொறிக்கப்பட்ட அந்தப் பாவை, அரசவை மருத்துவர்கள் தொகுத்து 1742இல் முடித்த பெரும் மருத்துவத் தொகை நூலுக்காக, அதில் உழைத்தவர்களுக்குப் பரிசாக வழங்கப்பட்டவற்றுள் ஒன்று.

அந்தத் தொகை நூலின் எலும்பு மருத்துவப் பகுதியில் வரும் ஒரு தொடரைத் துய்னா மாணவர்கள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வார்களாம். நோயாளியைத் தொட்ட கணத்தில் குறிப்பு வெளியே கிடைக்கிறது, நுட்பம் உள்ளே பிறக்கிறது, மனம் போகும் வழியில் கை திரும்புகிறது, முறை கையிலிருந்து புறப்படுகிறது என்பது அதன் பொருள். அதே பகுதி இன்னொன்றும் சொல்கிறது: நோயாளி துன்பத்தை உணராதபடி செய்தால்தான் அதற்குக் கைமுறை என்று பெயர். 'வலித்தால்தான் நோய் போகும்' என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு, இங்கும் தெருக்கடைகளில் நிறையவே உண்டு. அதற்கு எதிரான தீர்ப்பு இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே அரசு முத்திரையோடு எழுதப்பட்டிருக்கிறது.

'துய்னா' என்ற பெயர் இக்கலையைவிட மிகவும் இளையது. பழம்பெயர் 'அன்மோ', அதாவது அழுத்துதலும் தடவுதலும். ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூல், ஒவ்வொரு சிகிச்சையும் ஒவ்வொரு திசையில் பிறந்ததாகச் சொல்கிறது. கல் ஊசி கிழக்கிலிருந்தும், மருந்து மேற்கிலிருந்தும், சூடுபோடுதல் வடக்கிலிருந்தும், உலோக ஊசி தெற்கிலிருந்தும் வந்தன. நடுநாட்டிலிருந்து வந்தவை உடற்பயிற்சியும் அன்மோவும். நடுநாட்டு மக்கள் பலவகை உணவுகளை உண்டு, உடல் உழைப்பு இல்லாமல் வாழ்வதால் அவர்களுடைய கைகால்கள் வலுவிழக்கின்றன, ஆகவே அவர்களுக்கு இதுவே ஏற்றது என்று அந்நூல் காரணமும் காட்டுகிறது. கணினியின் முன் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த வரியில் தன் பெயர் எழுதியிருப்பது போலவே பட்டது.

தாங் அரச மரபில் அரண்மனை மருத்துவ அலுவலகத்தில் அன்மோவுக்கென ஒரு தனித்துறையும், அதற்கு ஆசிரியரும் மாணவர்களும் இருந்தார்கள். சோங் காலத்தில் அந்தத் துறை மறைந்தது. மிங் காலத்தில் மீண்டும் வந்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுபடியும் நீக்கப்பட்டது. உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை என்பதாலேயே படித்தவர் நடுவில் அதற்கு மதிப்புக் குறைந்தது என்று நான் எண்ணுகிறேன். எந்த நாட்டிலும் கையால் செய்பவனுக்குக் கிடைக்கும் வழக்கமான மரியாதைதான் அது. வியப்பு என்னவென்றால், அரண்மனை கைவிட்ட அதே காலத்தில்தான் குழந்தை மருத்துவ நூல்களில் 'துய்னா' என்ற புதுப்பெயர் தலைகாட்டுகிறது. பெரியவர்களின் வைத்தியத்தில் மதிப்பிழந்த கை, குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கிறது.

இந்தியாவின் பெயரும் இவ்வரலாற்றில் ஓரிடத்தில் வருகிறது. 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் தம் பெருநூலில் 'தியன்சு நாட்டு அன்மோ, இது பிராமணர் முறை' என்ற தலைப்பில் பதினெட்டு அசைவுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தியன்சு என்பது அக்காலச் சீனர் இந்தியாவுக்கு வைத்த பெயர். முதியவர்கள் நாளுக்கு மூன்று முறை இவற்றைச் செய்து வந்தால் ஒரு மாதத்தில் நோயெல்லாம் நீங்கி ஓடும் குதிரையை எட்டிப் பிடிப்பார்கள் என்கிறார். கைகளைப் பிசைவதும், வில்லை இழுப்பது போல் நீட்டுவதும், தரையில் ஊன்றி உடம்பை வளைப்பதுமாக, அவை பெரும்பாலும் தனக்குத்தானே செய்துகொள்ளும் பயிற்சிகள். 'ஆஷி' என்ற புகழ்பெற்ற சொல்லும் அவர் நூலில்தான் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத ஓரிடத்தை மருத்துவர் அழுத்தும்போது நோயாளி 'ஆ, அங்கேதான்' என்று சொன்னால், அந்த இடமே ஒரு புள்ளி. என் தோளில் நேற்று அப்படி மூன்று கிடைத்தன.

மூன்றாம் நாள் – ஷாங்காய்

இன்று மருத்துவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, 'புளியா, உப்பலா?' என்று முதலிலேயே கேட்டார். குன் என்னும் உருட்டல் முறைக்கு இன்று அதிக நேரம் கொடுத்தார். கையைத் தளர்வாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையைத் தோளின்மேல் வைத்து, மணிக்கட்டை மடக்கி நீட்டி முன்னும் பின்னும் உருட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 120இலிருந்து 160 முறை வரை அந்த உருளல் நிகழ வேண்டும். இடையில் துள்ளக்கூடாது, வழுக்கக்கூடாது, வேகம் ஏறி இறங்கக்கூடாது. பார்ப்பதற்கு அம்மிக்குழவி உருள்வது போல எளிதாக இருக்கிறது. அவர் அனுமதியோடு என் தொடையில் நானே செய்து பார்த்தேன். முப்பது எண்ணுவதற்குள் மணிக்கட்டு வலித்தது.

இந்த முறைக்கு ஷாங்காய்தான் ஊர். கட்டைவிரல் நுனியால் மட்டுமே விடாமல் அசைத்து அசைத்து ஆழத்துக்கு இறங்கும் 'ஒற்றைவிரல் தியானம்' என்ற மரபு, யாங்சோவ் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்தது. அந்த மரபின் குடும்பத்தில் பிறந்த திங் ஜிஃபெங், ஒரு விரலின் நுனி தசை பருத்த இடங்களுக்குப் போதவில்லை என்று கண்டு, 1940களில் புறங்கையைப் பயன்படுத்தும் இந்த உருட்டலை அமைத்தார். 1929இல் அரசே சீன மருத்துவத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, நாடெங்குமிருந்து மருத்துவர்கள் மார்ச் 17 அன்று கூடி எதிர்த்ததும் இதே ஷாங்காயில்தான். அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 1956இல் துய்னாவுக்கெனப் பயிற்சிப் பள்ளி இங்கே தொடங்கியது. ஒற்றைவிரல் மரபைச் சேர்ந்த சூ சுந்திங் அதற்கு முதல் தலைவரானார். குடும்பத்துக்குள்ளும் குரு சீடனுக்குள்ளும் மட்டுமே இருந்த கைப்பழக்கம், பாடத்திட்டமும் தேர்வும் உள்ள படிப்பாக மாறியது அப்போதுதான்.

மாணவர்கள் முதலில் மனித உடம்பில் கை வைப்பதில்லை. துணிப்பையில் அரிசி நிரப்பித் தைத்து, மேசைமேல் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதன்மேல் விரலையும் புறங்கையையும் பழக்குகிறார்கள். மருத்துவர் தம் அலமாரியிலிருந்து அப்படி ஒரு பையை எடுத்துக் காட்டினார். மெருகேறிப்போன பழுப்புத் துணி, நடுவில் குழி. முதலில் அரிசியை இறுக்கமாக நிரப்புவார்கள், கை பழகப் பழகத் தளர்த்துவார்கள், கடைசியில் அரிசி நகரும் சத்தத்தை வைத்தே ஆசிரியர் தவற்றைச் சொல்லிவிடுவார் என்றார். நிலைத்தல், வலு, சீர், மென்மை ஆகிய நான்கும் சேர்ந்தால் ஆழத்துக்கு ஊடுருவுதல் என்ற ஐந்தாவது தானே வரும் என்பது பாடநூல் வாய்பாடு. வலுவும் மென்மையும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அந்தப் பையின் குழியைத் தொட்டபோதுதான் அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது புரிந்தது.

'அடைபட்டால் வலி, ஓடினால் வலியில்லை' என்பது இங்கே ஒவ்வொருவர் வாயிலும் வரும் பழமொழி. ஓடுவது என்ன என்று கேட்டால் உயிர்மூச்சும் இரத்தமும் என்பார்கள். இரத்தத்தை ஒப்புக்கொள்கிறேன், மற்றதை அளந்து காட்டியவர் எவருமில்லை என்பதை மருத்துவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இடுப்பு வலி, கழுத்து வலி, தோள் வலி ஆகியவற்றில் சிலகாலம் நிவாரணம் தருவது உண்மை, முதுகெலும்பு வட்டு பிதுங்கிக் கால் வலுவிழந்தவரை நாங்களே அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறோம் என்றார். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்தில்லா வழிகளுள் ஒன்றாகப் பிடித்துவிடலைச் சேர்த்திருக்கிறது. சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடுதான். மாத்திரைக்குப் பதிலாகப் போலி மாத்திரையைக் கொடுத்து ஆராயலாம். கைக்குப் பதிலாகப் போலிக் கையை எப்படிக் கொடுப்பது என்ற சிக்கல் இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

வெளியே வரும்போது குழந்தைகள் பிரிவின் கதவு திறந்திருந்தது. பாட்டியின் மடியில் உட்கார்ந்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்காம். நீர்ச்சத்துக் குறையவில்லை என்று பார்த்தபின்பே இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவர் பொடியைத் தொட்டுக்கொண்டு, குழந்தையின் இடது கட்டைவிரல் ஓரத்தை எண்ணி எண்ணி நீவிக்கொண்டிருந்தார். குழந்தையின் கை அவர்களுக்கு உடம்பின் வரைபடம். கட்டைவிரல் மண்ணீரல், ஆள்காட்டி விரல் கல்லீரல், நடுவிரல் இதயம், மோதிரவிரல் நுரையீரல், சுண்டுவிரல் சிறுநீரகம். நீவும் திசையை மாற்றினால் பலனும் மாறும் என்பது கணக்கு. முன்கையில் கட்டைவிரல் பக்கம் மேல்நோக்கித் தள்ளினால் உடம்பு சூடாகும், சுண்டுவிரல் பக்கம் கீழ்நோக்கித் தள்ளினால் குளிரும் என்கிறார்கள். முதுகெலும்பின் இருபுறமும் தோலைக் கிள்ளி உருட்டிக்கொண்டே மேலேறி, மூன்று கிள்ளலுக்கு ஒரு தூக்கல் என்று போகும்போது மட்டும் குழந்தை சிணுங்கியது. பிறகு பாட்டியின் தோளிலேயே தூங்கிவிட்டது. விரலுக்கும் மண்ணீரலுக்கும் உள்ள தொடர்பை நான் நம்பவில்லை. ஆனால் குழந்தைக்கு உரம் விழுந்தது என்று தூக்கிக்கொண்டு ஓடும் தெருவில் வளர்ந்தவன் என்பதால், தூங்கிய குழந்தையைப் பார்த்த பாட்டியின் முகத்தை எனக்கு முன்பே தெரியும்.

நான்காம் நாள் – யாங்சோவ்

ஒற்றைவிரல் மரபின் ஊரைப் பார்க்காமல் போக மனமில்லை. அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். பெருங்கால்வாயின் கரையில் உப்பு வணிகத்தால் செழித்த ஊர் இது. சமையல் கத்தி, நாவிதர் கத்தி, கால் நகத்தைத் திருத்தும் கத்தி ஆகிய மூன்றுக்கும் சீனமெங்கும் பெயர்போன ஊரும் இதுவே. 'காலையில் தோல் நீரைப் பொதியும், மாலையில் நீர் தோலைப் பொதியும்' என்பது இவ்வூர்ச் சொலவடை; காலையில் தேநீரால் வயிற்றை நிரப்பி, மாலையில் குளியல் தொட்டியில் அமிழ்ந்து கிடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பழைய பாணிக் குளியல் கூடம் ஒன்றுக்குப் போனேன். வெந்நீர்த் தொட்டியில் உடம்பு சிவக்கும் வரை ஊறியபின், ஒருவர் கையில் ஈரத்துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு, வாழைத்தண்டில் நார் எடுப்பது போல் அழுக்கை உருட்டி எடுக்கிறார். விலா எலும்பின் மேல் துண்டு பறவை இறகாகவும், முதுகின் சதையில் மரவேலைக்காரரின் இழைப்புளியாகவும் மாறுகிறது. பிறகு முதுகை உள்ளங்கையைக் குவித்துத் தட்டும்போது எழும் ஓசைக்குத் தாளக்கட்டு உண்டு. பக்கத்துக் கட்டில்களிலிருந்தும் அதே தாளம் கேட்டு, கூடமே ஒரு மேளக்கச்சேரி போல ஒலித்தது. இது மருத்துவமல்ல என்பதை அந்தப் பெரியவரே முதலில் சொல்லிவிட்டார். என் வலது கையை அவர் தூக்கப் பார்த்து, பாதியிலேயே நின்று, ஒன்றும் கேட்காமல் கீழே வைத்துவிட்டார். இறுகிய மூட்டை இறுகிய மூட்டாகவே விட்டுவைக்கும் அறிவுக்குப் பட்டம் தேவையில்லை போலும்.

ஐந்தாம் நாள் – பெய்ஜிங்

பெரும்பகுதி ரயிலிலேயே போயிற்று. இரவு விடுதிக்கு அருகில் ஒரு கால்பிடிக் கடையில் நுழைந்தது என் தவறு. நீரிழிவுக்காரன் என்பதால் பாதத்தில் அழுத்தம் வேண்டாம், தோள் மட்டும் போதும் என்று கைபேசி மொழிபெயர்ப்பில் சொன்னேன். அந்த இளைஞர் தோளை இரண்டு நிமிடம் பிசைந்துவிட்டு, எதிர்பாராத வகையில் தாடையையும் பின்தலையையும் பற்றிக் கழுத்தைத் திருப்பி முறிக்கப் போனார். நான் கத்திய கத்தலில் அவர் கையை எடுத்துவிட்டார். கழுத்தெலும்புத் துளைகளின் வழியே மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய்களின் சுவர், இத்தகைய திடீர்த் திருப்பலில் அரிதாகக் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு என்பதை எந்த நரம்பு மருத்துவரும் சொல்வார். மருத்துவமனையிலும் முறித்தல் உண்டு. ஆனால் படம் பார்க்காமல், கேட்காமல், அதிர்ச்சியாகச் செய்வதில்லை. சொடுக்குச் சத்தத்தை நோய் போன சத்தமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சலூன்களிலும் இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

ஆறாம் நாள் – பெய்ஜிங்

ஷிசெங் வட்டாரத்தில் குறுகிய சந்து ஒன்றில், 1958இல் தொடங்கப்பட்ட பெய்ஜிங் மசாஜ் மருத்துவமனை இருக்கிறது. இங்கு பணிபுரியும் மருத்துவர்களில் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள் அல்லது பார்வை குன்றியவர்கள். பார்வையற்றோருக்கு இத்தொழிலைக் கற்பிப்பதைச் சீன அரசு 1950களிலிருந்தே கொள்கையாக வைத்திருக்கிறது. 1987இல் தொடங்கிய சாங்சுன் பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்விக் கல்லூரியில் அவர்கள் ஊசிமருத்துவமும் துய்னாவும் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். ஜப்பானில் இவ்வழக்கம் இன்னும் பழமையானது. அங்கே இதற்குப் பெயர் 'அன்மா', சீனத்து அன்மோவின் திரிபு. தென்கொரியாவிலும் தைவானிலும் இத்தொழிலைச் சட்டமே பார்வையற்றவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. தென்கொரிய அரசியல்சட்ட நீதிமன்றம் 2008 அக்டோபர் 30 அன்று அந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. மறுநாளே தைவானின் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இரண்டு தீர்ப்புகளுக்கும் தக்க நியாயம் உண்டு என்றாலும், வேறு வேலை தராத ஒரு சமூகம் இருந்த ஒரு வேலையையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது.

வடக்கே மருத்துவரை 'தாய்ஃபு' என்று அழைக்கிறார்கள். என் தாய்ஃபு ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். பிறவியிலேயே பார்வை இல்லை என்று விடுதியிலிருந்து மொழிபெயர்ப்புக்காக வந்த இளம்பெண் சொன்னார். உதவியாளர் என் படங்களின் அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் வலது தோளைத் தொடவில்லை. முதலில் பின்கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, முதுகெலும்பின் வழியே இடுப்பு வரை ஒருமுறை இறங்கினார். பிறகு இரண்டு தோள்பட்டைகளிலும் உள்ளங்கைகளைப் பதித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்திருந்தார். நிறை பார்க்கிறாரா, சூடு பார்க்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"வலது தோளுக்கு வந்திருக்கிறீர்கள். இடது தோளைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்றார்.

இடது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லாமல் இடது தியன்த்சோங்கில் கட்டைவிரலை இறக்கினார். உளைச்சல் விரல்நுனி வரை பாய்ந்தது. ஷாங்காயில் வலது பக்கம் வந்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல அது. சட்டை போடுவது, பை தூக்குவது, கதவைத் தள்ளுவது, பேருந்தில் தொங்குவது என்று ஏழு மாதங்களாக இரண்டு கைகளின் வேலையை ஒரு கை பார்த்து வந்திருக்கிறது. அதை நான் எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. ஒரு பக்கம் இறுகியவர்களில் சிலருக்குப் பின்னாளில் மறுபக்கமும் இறுகுவதுண்டு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, ஆகவே இதை இப்போதே கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடத்தில் பன்னிரண்டை இடது தோளுக்கே கொடுத்தார். கண் தெரியாததால் கை கூர்மையாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டேன். முதல் ஆண்டு முழுதும் அரிசிப் பையோடு இருந்தேன், கண் இருந்தவர்களும் அப்படி இருந்தால் அவர்களுக்கும் வரும் என்றார்.

வலது பக்கத்துக்கு அவரும் சுவரேற்றத்தையே சொன்னார். விடுதி அறையின் குளியலறைச் சுவரில் வெள்ளை ஓடுகள் பதித்திருக்கின்றன. முதல் நாள் ஷாங்காய் விடுதியின் சுவரில் போட்ட கோட்டைக் கொண்டுவர முடியாதாகையால், முழங்காலிலிருந்து நூல் பிடித்து அளந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்: இரண்டரை விரற்கடை கூடியிருக்கிறது. அதில் எத்தனை இரண்டு மருத்துவர்களுடையது, எத்தனை ஏழாவது மாதத்துக்கு உரியது என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நாளை காலை விமானம். பெட்டியைத் தலைக்கு மேலுள்ள தட்டில் ஏற்ற இம்முறை பக்கத்து இருக்கைக்காரரைத்தான் கேட்க வேண்டும். இடது கைக்கும் விடுப்பு கொடுத்துவிட்டேன்.